புயல் வரி

2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையைத் தாக்கியது. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை மூடினார்கள். செப்டம்பர் நடுவில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயை ஒட்டி நின்றது. ஏன் இந்த விலை என்று கேட்டதற்குப் பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் அமெரிக்கப் புயல்களைக் கைகாட்டினார். அதே வாரம் இன்னொரு மத்திய அமைச்சர் அல்போன்ஸ் கண்ணந்தானமும் திருவாய் மலர்ந்தார். பெட்ரோல் வாங்குகிறவன் காரோ பைக்கோ வைத்திருக்கிறவன், அவன் ஒன்றும் பட்டினி கிடப்பவன் அல்ல, அவனால் கொடுக்க முடியும் என்பது அவர் பேச்சின் சாரம்.

தோழர்களே, நானும் பைக் வைத்திருக்கிறவன்தான். அந்த பைக் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

கோட்டூர்புரம் அடையாற்றங்கரையில் பிறந்தவன் நான். அம்மா மயிலாப்பூரில் குப்பை வாருகிறார். ஒப்பந்தக் கூலி. காலை ஆறு மணிக்கு ஆஜர். வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவார். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஆறு எங்கள் கூரை மேலே போனது. தண்ணீர் வடிந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். ஆற்றை ஆக்கிரமித்தவர்கள் நாங்களாம்! அதே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி விமான ஓடுபாதை போட்டவர்களை ஒருவரும் எழுப்பவில்லை. எங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள்.

அங்கிருந்து மயிலாப்பூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸை நம்ப முடியாது. வட்டிக்கு வாங்கி ஒரு பழைய பைக் எடுத்தேன். அம்மாவை லஸ்ஸில் இறக்கிவிட்டு, தி.நகரில் துணிக்கடைக் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போவேன். போக வர ஒரு லிட்டர். வெள்ளத்தைச் சாக்காக வைத்து எங்களைத் தூக்கியெறிந்த தூரத்துக்கு நாங்கள் தினமும் கட்டும் வாடகை இது.

கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு வயக்காடோ ஓடையோ இருக்கும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை இருக்கிறது. சுத்தம் பண்ண உள்ளே வா, பண்ணி முடிச்சதும் வெளியே போ, வழிச் செலவு உன்னுது. இதுதான் புதிய ஏற்பாடு.

பெட்ரோல் பங்க்கிலும் ஊர் வேறு, சேரி வேறுதான். புயல் எச்சரிக்கை வந்த மாலையே அடையாறு பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டும். "டேங்க் ஃபுல்." ஜெனரேட்டருக்கு கேனிலும் தனியாக. அதற்கப்புறம் ஒரு வாரம் கவலையில்லை. கூலிக்காரன் அன்றைய காசில் நூறு ரூபாய்க்குத்தான் போட முடியும். முன்கூட்டி நிரப்பும் வழக்கம் புத்தி சம்பந்தப்பட்டதல்ல, கையிருப்பு சம்பந்தப்பட்டது. 2017 ஜூன் 16-இல் தினசரி விலை மாற்றம் வந்தது. மாதம் இருமுறை நிரப்புகிறவனுக்கு அது பேப்பர் செய்தி. தினம் நூறு ரூபாய்க்குப் போடுகிறவனுக்குக் கூலி வெட்டு. 2017 செப்டம்பரில் அந்த நூறு ரூபாய்க்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் கிடைத்தது. 2023 டிசம்பரில் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. முழுசாக ஒரு லிட்டர்கூட வராது.

2016 டிசம்பர் 12 வர்தா அடித்தபோது நோட்டுச் செல்லாமை வேறு. பழைய ஐநூறு ரூபாயை பங்க்குகளில் வாங்குவதை அந்த மாதத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மின்சாரம் இல்லை, கார்டு மிஷின் செத்துக் கிடந்தது. கையில் ஒரே ஒரு இரண்டாயிரம் ரூபாய்த் தாள். "சில்லறை இல்ல, ஃபுல் போடறியா?" என்றான் பங்க் பையன். ஃபுல் போட்டால் எட்டு லிட்டர். அந்த வாரச் சோற்றை டேங்க்கில் ஊற்றுவதா? வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம். 5-ஆம் தேதி விடியலில் முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டி வெளியே வந்தோம். வழியில் பங்க்குகள் மூடிக் கிடந்தன. அடையாறில் ஒன்று திறந்திருந்தது. "நூறு ரூபாய்க்கெல்லாம் இப்ப கெடையாது, ஓரமா நில்லு." அவனும் நம்ம பேட்டைப் பையன்தான், முதலாளி சொன்னதைச் சொல்கிறான். எங்களைத் தாண்டி ஏழெட்டு கார்கள் நிரப்பிக்கொண்டு போயின. அம்மா சொன்னார்: "ஆறு மணி தாண்டிச்சுடா. இன்னிக்கு ஆப்சென்ட்தான்." கூலி போனது. ஆனாலும் மேஸ்திரி விடவில்லை. ஆளில்லை என்று மத்தியானம் வரை அழுகிய குப்பையை வார வைத்தார். கையுறை கிடையாது.

இப்போது அமைச்சரின் புயலுக்கு வருவோம். அவர் சொன்னது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. மணலியில் நம் வடசென்னை மக்களைப் புகையில் மூழ்கடித்துத்தான் பெட்ரோல் காய்ச்சுகிறார்கள். ஆனால் 2006-இல் வந்த விலைக் கணக்கு, நூற்றுக்கு எண்பது பங்கை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ததாகவே பாவிக்கிறது. அதனால் டெக்சாசில் ஆலை மூடினால் மணலிச் சரக்கும் விலை ஏறும். மிக்ஜாம் வெள்ளத்தில் அந்த மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை பரவியபோது, அதை மக்கால் மொண்டவர்கள் மீனவர்கள். விலைக்கு உலகச் சந்தை, சிந்தியதை அள்ள உள்ளூர்க் கை.

அவர் சொல்லாத பாதி வரி. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனது. விலை நமக்கு இறங்கியிருக்க வேண்டும். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்தது 21 ரூபாய் 48 காசு ஆனது. கோட்டையில் இருப்பவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 2017 மார்ச்சில் பெட்ரோல் மீதான மாநில வரி 27 சதவீதத்திலிருந்து 34 ஆனது. அப்போது அது சதவீதம் என்பதால் புயல் விலையை ஏற்றினால் கல்லாவும் தானாக நிரம்பியது. 2018 ஜனவரியில் டீசல் விலையையும் காரணம் காட்டி பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் குறைத்தார்கள். இதை மறக்கக் கூடாது.

"இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது?" என்று சில முற்போக்குத் தோழர்கள் கேட்பார்கள். ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள் யார்? ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்கள் யார்? புயல் கழிவை வெறுங்கையால் அள்ளுகிறவர்கள் யார்? அந்தப் பட்டியலை எடுத்துவந்து பிறகு பேசுங்கள்.

நாம் கேட்க வேண்டியது இது. புயல் நாட்களில் தூய்மைப் பணியாளருக்கு வண்டி அனுப்பு, இல்லையென்றால் எரிபொருள் காசு கொடு. வர முடியாத நாளுக்குக் கூலி வெட்டாதே. நூறு ரூபாய்க்காரனை ஓரமாக நிற்கச் சொல்லும் பங்க் மீது நடவடிக்கை எடு. எல்லாவற்றுக்கும் மேலாக, நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வீடு கொடு.

கோட்டூர்புரத்திலிருந்து அம்மா நடந்தே வேலைக்குப் போனார். அப்போது டெக்சாசில் எந்தப் புயல் அடித்தாலும் எங்கள் கஞ்சியைத் தொட்டதில்லை.