காற்று மாறினால் போதும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்கான முக்கியத் துப்பாக்கிப் பருவம் நவம்பர் பிற்பகுதியில் 9 நாள்தான். ரைஃபிளும் தொலைநோக்கியும் இருந்தால் மான் கைக்கு வந்ததுபோல்தான் என்று நினைப்பவர்கள் வெண்வால் மானை அறியாதவர்கள். காற்று சற்றே திசை மாறினால் போதும். மனித வாடை பிடித்து, வாலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். இணைதேடும் ஆண் மானோ நடுப்பகலில், யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து நிற்கும். இதயத்தில் குண்டு பாய்ந்த மான்கூட நூறு மீட்டர் ஓடி மறைவதுண்டு. இத்தனை நிச்சயமின்மை இருக்கும்போது, புதர் மறைவில் அரைகுறையாகத் தெரியும் உடலைப் பார்த்துச் சுடுவதை நான் வேட்டை என்றே ஒப்பமாட்டேன். விலா தெளிவாகத் தெரியும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. பருவம் முழுக்க வெறுங்கையோடு திரும்பினாலும் சரி. சுட்டுவிட்டால், ரத்தத் தடம் பிடித்துக் கடைசிவரை தேடுவது சுட்டவரின் கடமை.