மலை ஏறினால் மட்டும் லீவா?

நீலகிரி மலைப்பாதையின் பர்லியாறு சோதனைச் சாவடியில் "பிளாஸ்டிக் பாட்டில் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்கிறார் ஊழியர். "ஒண்ணும் இல்லைங்க" என்று பதில் வருகிறது. இருக்கைக்கு அடியில் ஒளித்த பாட்டில் குன்னூர் வருவதற்குள் காலியாகி, ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் சன்னல் வழியே பள்ளத்தில் விழுகிறது. வீசியவர் சட்டம் தெரியாதவர் அல்லர். வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பவர். காய்கறிக் கடைக்கு மஞ்சப்பை எடுத்துப் போகிறவர். மலைக்கு வந்ததும் அந்தப் பழக்கங்களுக்கும் சேர்த்து லீவு போட்டுவிடுகிறார். இந்தப் பொறுப்பற்ற போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

"தெரியாமல் செய்துவிட்டோம்" என்ற சாக்கு இனி எடுபடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்று. நீலகிரியில் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்டிக் ஒழிப்பு தொடங்கிவிட்டது. மலைப்பாதையில் எச்சரிக்கைப் பலகைக்கும் பஞ்சமில்லை. அந்தப் பலகையின் காலடியில்தான் சிப்ஸ் பாக்கெட்டுகள் குவிகின்றன.

காலி பாக்கெட்டில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அந்த வாசனைக்காகவே யானையும் மானும் அதை விழுங்குகின்றன. 2025 மே மாதம் கோவை அருகே மருதமலை அடிவாரத்தில் இறந்த கருவுற்ற யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கிடைத்ததை நாடே பார்த்தது. அது குப்பைக் கிடங்கில் தின்றது, சுற்றுலாப் பயணி போட்டதல்ல என்று யாராவது வாதாடலாம். வாதாடட்டும், யானையின் குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காட்டோரம் குடித்துவிட்டு உடைத்துப் போடும் மதுப்புட்டி இதைவிடக் கொடூரம். சில்லு உள்ளங்காலில் ஏறினால் புண் சீழ்பிடித்து, நடக்க முடியாமல் நாள்கணக்கில் வதைபட்டு யானை சாக நேரிடும். சரிவில் விழும் மற்ற குப்பையோ மழையில் அடித்துக்கொண்டு கல்லாறு வழியாகப் பவானியில் இறங்குகிறது. ஈரோட்டு வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அது.

விடுதிக்காரர்களையும் விட்டுவிட முடியாது. ஒரே இரவு தங்குபவருக்குக்கூடப் பொட்டலம் பொட்டலமாகச் சோப்பும் ஷாம்பும் வைப்பது, கேட்காமலே தினமும் போர்வையை வெளுக்கப் போடுவது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டே வெந்நீரைத் தாராளமாக ஓடவிடுவது எல்லாம் உபசாரக் கணக்கில் சேராது. கழிவைத் தரம் பிரிக்காமல் கொட்டும் விடுதியின் உரிமத்தை உள்ளாட்சி அமைப்பு ஏன் புதுப்பிக்க வேண்டும்?

அரசுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. வண்டி எண், வருவோர் எண்ணிக்கை, தங்கும் இடம் எல்லாம் பதிவாகின்றன. இத்தனையும் கையில் இருந்தும் வண்டியை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வது கையாலாகாத்தனம். குப்பை வீசிய வண்டியின் எண்ணுக்கே அபராதம் போகட்டும். கட்டும்வரை அடுத்த பாஸ் கிடையாது என்று ஆகட்டும். நீதிமன்றம் வற்புறுத்திய பிறகு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் காலி மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பத்து ரூபாய்க்காகப் புட்டியைத் திருப்பிக் கொடுக்கக் குடிகாரரால் முடிகிறது, குடும்பத்தோடு வருகிறவரால் முடியாதா? நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுக்கும் குளிர்பானப் புட்டிக்கும் அதே முறையை நீட்டிக்க வேண்டும்.

பாட்டிலைப் பறிக்கிற அரசுக்குக் குடிநீர் தரும் கடமையும் உண்டு. குடிநீர் ஏடிஎம் இயந்திரம் பழுதாகிக் கிடந்தால், தாகத்தில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனும் தடையை மதிக்க மாட்டார். அடுத்த சீசன் ஏப்ரலில் தொடங்குவதற்குள் மலைப்பாதையிலும் பேருந்து நிலையங்களிலும் உள்ள ஒவ்வோர் இயந்திரத்தையும் ஊட்டி, கொடைக்கானல் பகுதிகளின் மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் ஓடவைக்க வேண்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதை இ-பாஸ் தளத்திலேயே தினமும் வெளியிட வேண்டும்.