பிரவுசரை மாற்றுங்கள், எஸ்.எம்.எஸ். ஆப்பை வேண்டாம்

போனில் வரும் லிங்க்கைத் தட்டினால் எந்த பிரவுசர் திறக்கிறது? பெரும்பாலும் போனோடு வந்ததுதான். நாம் தேர்ந்தெடுக்காதபோது போன் தானாகத் திறக்கும் ஆப்பைத்தான் டீபால்ட் என்கிறோம். பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடல் தளமே டீபால்ட்டாக இருக்க, 2021ல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கு ஒன்றில் தெரியவந்தது. நாம் செட்டிங்ஸ் பக்கமே போகமாட்டோம் என்ற நம்பிக்கைக்கு அவ்வளவு விலை!

பிரவுசரைத் தயங்காமல் மாற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீபால்ட் ஆப்ஸ் எனச் செல்லுங்கள் (போனுக்குப் போன் பெயர் சற்று மாறும்). ஐபோனில் 2020ல் வந்த ஐஓஎஸ் 14 முதல்தான் இந்த வசதி. பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம்.

எஸ்.எம்.எஸ். விஷயத்தில் மட்டும், சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில், நான் வேறு கட்சி. ஆண்ட்ராய்டில் டீபால்ட் எஸ்.எம்.எஸ். ஆப்பாக நீங்கள் அமைப்பது எதுவோ, அது உங்களுக்கு வரும் எல்லா எஸ்.எம்.எஸ்.களையும் படிக்க முடியும். பேங்க் அனுப்பும் ஓ.டி.பி.யும் அதில் அடக்கம். கலர் கலராகத் தீம் தருகிறது என்பதற்காக ஏதோ ஒரு இலவச ஆப்பிடம் இதை ஒப்படைக்கலாமா? அனுமதி கேட்டு வரும் கட்டத்தில் ஓகே தட்டும் முன், ஆப்பைத் தயாரித்தவர் யார் என்று பாருங்கள். தெரியாத பெயர் என்றால் போனோடு வந்ததே இருக்கட்டும்.