காற்றையும் உம்மாவின் குரலையும் பதிவது எப்படி?

கற்பிட்டியில் காற்றைக்கூட இப்போது வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். காற்றின் வேகத்தை நிறத்தால் காட்டும் விண்டி செயலியைத் திறந்து, கந்தக்குழிப் பக்கம் படத்தைப் பெரிதாக்கி, அடியிலுள்ள நேரக்கோட்டை விரலால் மெல்ல இழுத்தால், பின்னேரம் நீலமாகக் கிடந்த கடல் சாமத்தில் பச்சையாகி, விடியப்புறம் செம்மஞ்சளாக ஏறிவரும். ஸ்கிரீன்ஷொட் இதைக் காட்டாது. காற்று எத்தனை மணிக்கு எழும்புகிறது, எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதுதானே மீன்வாடியில் இருக்கும் வாப்பாவுக்குத் தெரிய வேண்டும்? அவருக்கு வட்ஸ்அப் மட்டும்தான் பழக்கம். அதனால் வீட்டிலிருக்கும் மகன் திரையில் ஓடுவதை அப்படியே வீடியோவாகப் பதிந்து, "மூணு மணிக்குப் பொறகு பாருங்க வாப்பா, கூடிக்கிட்டு வருது" என்று குரலும் கொடுத்து அனுப்புகிறான். வானொலி அறிவிப்பு "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக காங்கேசன்துறை வரை" என்று முழுக் கரையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். இவருக்குத் தன் வலை கிடக்கும் இடத்துக் காற்று வேண்டும். (ஆனாலும் வளிமண்டலவியல் திணைக்களம் போக வேண்டாம் என்றால் போகக் கூடாது. விண்டியின் நிறத்தை நம்பிப் போட்டை இறக்குவது முட்டாள்தனம்.)

இப்படி அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்வுகூறல் ஒரு நாளில் பல தடவை புதுப்பிக்கப்படும். நேற்று மாலை பதிந்த வீடியோ இன்றைக்கும் கை மாறிக்கொண்டிருக்கும். அது எப்போது பதிந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. பதிவைத் தொடங்கியதும் திகதியையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

சரி, திரையைப் பதிய எந்த அப் நல்லது? போன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அனேகமானோருக்கு எந்த அப்பும் தேவையில்லை என்பதே என் பதில். ஐபோனில் 2017ஆம் ஆண்டு ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்தே இந்த வசதி உள்ளுக்குள் இருக்கிறது. அன்ட்ரொய்டில் 2020இல் வந்த 11ஆம் பதிப்பு அதைக் கூடவே கொண்டுவந்தது. அன்ட்ரொய்ட் போனென்றால் திரையின் உச்சியிலிருந்து இரண்டு தடவை கீழே இழுங்கள். டோர்ச், வைஃபை பொத்தான்களுக்கு நடுவே 'ஸ்கிரீன் ரெக்கோட்' இருக்கும். காணவில்லையென்றால் பென்சில் அடையாளத்தை அமத்தி அதை மேலே எடுத்துவிடலாம். தொடுமிடத்தைக் காட்டும் தெரிவும் அங்கேயே உண்டு. அதைப் போட்டுவிட்டால் விரல் படும் இடமெல்லாம் ஒரு வட்டம் தோன்றும். மின்சாரக் கட்டணத்தை போனில் கட்டுவது எப்படி என்று உம்மாவுக்குக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பதிய முதல் 'தொந்தரவு செய்யாதே' என்பதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடகுக் கடையின் வட்டி மெசேஜ் நடுவில் வந்து விழுந்து குடும்பக் குரூப் முழுக்கச் சுற்றும்.

இனி, அப் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் வேறு. புத்தளம் மாவட்டத்தில் உம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வீடுகள் பல. வெள்ளிக்கிழமை வீடியோ கோல் வரும். பிள்ளை அதைப் பதிந்து வைக்க ஆசைப்படுகிறது. பதிந்து பார்த்தால் முகம் அசைகிறது, குரல் இல்லை. "சத்தத்தோட பதியிற அப் ஒண்டு போட்டுத் தாங்க நானா" என்று கடைக்கு வந்துவிடுகிறது.

இது போனின் பழுதல்ல. பாட்டு, விளையாட்டு போன்றவற்றின் ஒலியைப் பிற செயலிகள் பதிய அன்ட்ரொய்ட் 2019இல் வழிவிட்டது. அழைப்பின் குரலை வேண்டுமென்றே அதில் சேர்க்கவில்லை. ஒருவர் கதைப்பதை அவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது என்பது அதிலுள்ள நியாயம். இந்தத் தடையைச் சுற்றிப் போகச் சில செயலிகள் 'அணுகல்தன்மை' அனுமதியைக் கேட்டன. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்காக வைத்த வாசல் அது. அதைத் திறந்துவிட்டால் அந்தச் செயலி திரையிலுள்ள எழுத்தை வாசிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அமத்தலாம். அழைப்பைப் பதிய இந்த வாசலைப் பாவிக்கக் கூடாது என்று கூகுள் 2022 மே மாதம் தடைபோட்டது. அதற்குப் பிறகும் 'கோல் சத்தம் நூறு வீதம் உறுதி' என்று சொல்லி பிளே ஸ்டோருக்கு வெளியே ஒரு ஏபிகே கோப்பை யாராவது அனுப்பினால், அதைத் தொடவே வேண்டாம். உம்மாவின் குரல் வேண்டுமா? அவரிடம் சொல்லிவிட்டு, லவுட் ஸ்பீக்கரைப் போட்டு, வீட்டிலுள்ள இன்னொரு போனால் எடுங்கள். படம் கொஞ்சம் மங்கும், குரல் இருக்கும். இல்லையென்றால் ஒரு வொயிஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். அது அப்படியே போனில் கிடக்கும்.

பிளே ஸ்டோரில் இருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 'ஐரெக்கோடர்' என்று ஒரு திரைப்பதிவுச் செயலி 2021 செப்டெம்பரில் அங்கே வந்தது. வரும்போது சுத்தமாகத்தான் வந்தது. சொன்ன வேலையைச் செய்தது. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, ஒரு அப்டேட்டோடு உளவு பார்க்கும் நிரல் உள்ளே ஏறியது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு நிமிடம் சுற்றுப்புறச் சத்தத்தைப் பதிந்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டுபிடித்து 2023 மே மாதம் வெளியிட்டது. அதற்குள் 50,000 தடவைக்கு மேல் அது இறக்கப்பட்டிருந்தது. இதில் கெட்டித்தனம் என்னவென்றால், திரையைப் பதியும் செயலி மைக்கைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இந்த வசதி உள்ளே இல்லாத பழைய போன் வைத்திருப்பவருக்கு அப்பைத் தவிர வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். இங்கே செகண்ட் ஹேண்ட் போன்கள் நிறையவே ஓடுகின்றன. அவர்கள் அப் போடட்டும். திரையைப் பதியும் அனுமதி, மைக், கோப்புகள் தவிர வேறெதைக் கேட்டாலும் மறுத்துவிடட்டும். கொன்டெக்ட், எஸ்எம்எஸ் இரண்டும் திரையைப் பதியத் தேவையே இல்லை. வேலை முடிந்ததும் அதை அழித்துவிடலாம். வங்கிச் செயலியைப் பதிந்தால் கறுப்பாக வருகிறது என்று அப்பைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் கறுப்பை வங்கிதான் போட்டிருக்கிறது, நம் நன்மைக்கு.

இதை வாசிக்கும் நேரத்தில் உங்கள் போனில் செட்டிங்ஸைத் திறந்து, அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போய்ப் பாருங்கள். திரையைப் பதியும் செயலி ஏதாவது அங்கே இயக்கத்தில் இருந்தால் அதை நிறுத்துங்கள், செயலியையும் நீக்குங்கள். பிறகு உங்கள் உம்மாவின் போனையும் வாங்கிப் பாருங்கள்.