மற்ற 4,095 பேர்

அமெரிக்க நண்பர் ஒருவர் தம் வம்சாவளியை என் முன் விரித்துக் காட்டினார். 1620-ல் ‘மேஃப்ளவர்’ கப்பலில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட 102 பிரயாணிகளில் ஒருவர், அவருக்குப் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்திய பாட்டனாராம். அந்தக் கப்பல்காரர்களின் சந்ததியாருக்கென்று 1897 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை பத்திரச் சான்று கேட்கிறது. நண்பர் அத்தனையும் கொடுத்து அங்கத்தினர் ஆகிவிட்டார்.

பெருமைப்படட்டும். ஆனால், பன்னிரண்டாம் தலைமுறையில் ஒரு மனிதனுக்குக் கணக்குப்படி 4,096 மூதாதையர். ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மற்ற 4,095 பேரை நடுத்தெருவில் விட்டுவிடுவது என்ன பிதுர்பக்தி?

சரி, அந்த ஒருவரின் கதையையாவது முழுசாகச் சொல்கிறார்களா? முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் பாதிப்பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். 1621-ல் அவர்களோடு சமாதானம் செய்துகொண்டவர், வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட். அவருடைய மகன் மெட்டகாம் பின்னால் எதிர்த்துப் போரிட்டு மடிந்தபோது, 1676-ல் அவர் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைத்தார்கள், வந்தவர்களின் வாரிசுகள்.

இதைச் சொன்னதும் நண்பர், “அதெல்லாம் பழைய கதை” என்றார்.

1676 பழைய கதையாம்! அதற்கும் 56 வருஷம் முந்திய கப்பல் மட்டும் புதுக் கதையா?

பாட்டன் சொத்துக்கு வாரிசு என்றால், அவன் வைத்துப்போன கடனுக்கும் வாரிசுதான், ஐயா!