காப்பிக்காகப் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் குடி முழுகிவிடாது

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் காரமாகவும் இருக்கும். கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்.

ஓடுகிற காருக்குள் மூடியில்லாத கப்பில் காப்பி, டீ, ரோஸ் மில்க், கரும்புச் சாறு குடிக்கிற பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். அது சிந்தி ஏசி துவாரத்துக்குள் போன பிறகு நாம் வழக்கமாகச் செய்கிற மூன்று காரியங்களையும் விட வேண்டும். பிள்ளையை அடிப்பது, வாசனைப் புட்டியைத் தொங்கவிடுவது, ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு வாய் பேசாமல் தலையாட்டுவது.

"தெரியாமல் சிந்திவிட்டது சார்" என்பீர்கள். தெரியாமல் ஒன்றும் இல்லை. நியூட்டனின் முதல் விதியை என் வகுப்பில் உட்கார்ந்த எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறீர்கள். பிரேக் போட்டால் வண்டி நிற்கும், கப்பில் இருக்கிற காப்பி நிற்காது. அது முன்னால் போகும். முன்னால் இருப்பது டேஷ்போர்டு. அங்கே நடுவில் இரண்டு துவாரம், கண்ணாடியின் அடியில் வானத்தைப் பார்த்து வாய் பிளந்தபடி நீளமாக இன்னொன்று. காப்பி வேறு எங்கே போகும்?

80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. மடியில் சூடான காப்பி கொட்டி, ஓட்டுகிறவர் இரண்டு நொடி குனிந்தால் 44 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். கெட்டுப்போன ஏசியைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

"கப் வைக்க கம்பெனிக்காரனே இடம் கொடுத்திருக்கிறானே?" கொடுத்திருக்கிறான். மூடி போட்ட பாட்டிலுக்கு அது சரி. நெடுஞ்சாலைக் கடையில் விளிம்பு வரை ஊற்றிக் கொடுக்கிற பேப்பர் கப்புக்கு அது பாதுகாப்பு இல்லை.

"சிந்தினால் என்ன, காய்ந்துவிடும்" என்பது அடுத்த வாதம். காய்வது தண்ணீர் மட்டும்தான். சர்க்கரையும் பாலின் கொழுப்பும் புரதமும் அப்படியே தங்கிவிடும். துவாரத்துக்குப் பின்னால் காற்றுக் குழாய் இருக்கிறது. காற்றை மேலே, கீழே, கண்ணாடிக்கு என்று திருப்பிவிடுகிற சின்னக் கதவுகள் இருக்கின்றன. சர்க்கரைப் பாகு அவற்றில் ஒட்டினால் கதவு சிக்கும். மழையில் கண்ணாடி உள்பக்கம் மூடுபனி போல மறைக்கும்போது அங்கே காற்றைத் திருப்ப முடியாவிட்டால் நிலைமை என்ன? பாலாக இருந்தால் புளித்து நாறும். குளிர்பானமாக இருந்தால் அதன் அமிலமும் சேர்ந்து மின் இணைப்புகளை அரிக்கும். ரேடியோ, ஏசி பொத்தான் எல்லாம் அந்த நடுத் துவாரங்களை ஒட்டித்தான் இருக்கின்றன.

இதற்கு நாம் கண்டுபிடித்த மருந்துதான் வாசனைப் புட்டி. குளிக்காமல் சென்ட் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போன்ற வேலை இது. நாற்றம் என்பது உள்ளே அழுக்கு இருக்கிறது என்ற தகவல். அதை மல்லிகை மணத்தால் மூடினால் அழுக்கு போய்விடுமா?

சரி, சிந்திவிட்டது. என்ன செய்வது? வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். முதலில் ஏசி காற்றை அணையுங்கள், பிறகு சாவியை அணையுங்கள். காய வைக்கிறேன் என்று காற்றை வேகமாக வைத்தால் ஈரத்தை இன்னும் உள்ளே சிதறடித்து, சர்க்கரையைக் கெட்டியாக ஒட்ட வைப்பீர்கள். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியாலும், காது குடையும் பஞ்சுக் குச்சியாலும் துவாரத்தின் தகடுகளை இரண்டு மூன்று முறை துடையுங்கள். சர்க்கரையைக் கரைக்கத் தண்ணீரே போதும். அதற்காகச் செம்பு எடுத்து உள்ளே ஊற்றாதீர்கள். ஆப்ப சோடாவைத் தூவுகிற வீடியோவையும் நம்பாதீர்கள்.

பொத்தான்கள் தானாக வேலை செய்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ நீங்கள் கை வைக்க வேண்டாம். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் புதிதாக வருகிற மாடல் கார்களில் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். பயணி பக்கத்து ஏர்பேக் அந்த டேஷ்போர்டுக்குள்தான் மடிந்து கிடக்கிறது. அதன் வயரோடு விளையாடக் கூடாது.

ஒர்க்‌ஷாப் விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி மகன் வண்டியில் ரோஸ் மில்க் கொட்டியது. பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், திறந்துகூடப் பார்க்காமல், "டேஷ்போர்டு முழுக்க இறக்கணும்" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். இன்னொரு மெக்கானிக் துவாரத்தின் முகப்பைக் கழற்றி, குழாயைத் துடைத்து, கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஏசி ஃபில்டரை மாற்றி, ஏசித் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒழுங்காகச் சொட்டுகிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டார். சில நேரம் டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசிப் படி. "முகப்பைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஃபில்டரைப் பார்த்தீர்களா? தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கத்தானே உங்களைப் படிக்க வைத்தோம்?

அந்த ரோஸ் மில்க்கைக் கொட்டியது யார் தெரியுமா? ஆறு வயதுப் பேத்தி. பின்சீட்டிலிருந்து "அம்மா, போதும்" என்று கப்பை முன்னால் நீட்டினாள். வேகத்தடையில் வண்டி குலுங்கியது. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஓடுகிற வண்டியில் திறந்த கப்பை அவள் கையில் கொடுத்தது யார்? வேகத்தடையைப் பார்க்காமல் விட்டது யார்? இரண்டும் பெரியவர்கள். அறை மட்டும் குழந்தைக்கு.

அடுத்த வாரம் அதே பிள்ளை பின்சீட்டில் ஜூஸ் சிந்தியதை யாரிடமும் சொல்லவில்லை. எறும்பு வந்துதான் தெரிந்தது. அறை கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்: சிந்தாதே என்பதல்ல, சொல்லாதே என்பது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு விதி வைத்திருந்தேன். பீக்கரை உடைத்தவர் உடனே வந்து சொன்னால் தண்டனை கிடையாது. செல்லம் கொடுக்க வைத்த விதி இல்லை அது. பயந்து மறைத்த கண்ணாடித் துண்டு அடுத்த வகுப்புப் பிள்ளையின் காலைத்தான் கிழிக்கும். காரிலும் அதே கணக்குத்தான். அந்த நிமிடமே தெரிந்தால் ஈரத்துணி போதும். மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் மெக்கானிக்.

"ஊருக்குப் போகிற அவசரம் சார்" என்று கமெண்டில் எழுதாதீர்கள். சென்னை–திருச்சி சாலை நெடுக டவரா டம்ளரில் டிகிரி காப்பி ஆற்றித் தருகிறார்கள். இறங்கி, காலை நீட்டி, குடித்துவிட்டு ஏறுங்கள். ஓட்டுகிறவர் கண்ணுக்கும் ஓய்வு. ஓடுகிற வண்டிக்குள் மூடி போட்ட தண்ணீர் பாட்டில் மட்டும் போதும்.

தம்பி மகன் இதைப் படித்தால் கோபப்படலாம். பரவாயில்லை. கோபம் தணிந்ததும் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இனிமேல் எது சிந்தினாலும் உடனே சொல்லும்மா, அடிக்க மாட்டேன்" என்று சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்