பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

1795ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், டிஷ்லி கிரேஞ்ச் என்னும் குத்தகைப் பண்ணையில் ராபர்ட் பேக்வெல் இறந்தார். அப்போது அவருக்கு வயது 70. மணம் செய்துகொள்ளாதவர். நூல் எதுவும் எழுதி வெளியிடாதவர். அவர் அடக்கம் செய்யப்பட்ட டிஷ்லி தேவாலயம் இன்று இடிபாடாக நிற்கிறது. ஆயினும், இன்று நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பசுவுக்குச் சினை ஊசி போடப்படும் ஒவ்வொரு முறையும் அவருடைய கருத்தொன்று அங்கே செயல்படுகிறது. அக்கருத்தின் வெற்றியை உலகம் நன்கு அறியும். அது சட்டமாக மாறியபோது கேரளத்தில் நேர்ந்த இழப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேக்வெல்லின் வாழ்வையும் மறைவையும் இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அவர் செய்தது என்ன? அவர் காலத்துப் பண்ணைகள் பலவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே மந்தையில் மேய்ந்தன. இணைசேர்க்கை பெரும்பாலும் தற்செயலாகவே நிகழ்ந்தது. பேக்வெல் ஆண் விலங்குகளைப் பிரித்து வைத்தார். எதை எதனோடு சேர்ப்பது என்பதைத் தாமே முடிவு செய்தார். விரும்பிய பண்பு நிலைபெறும்வரை நெருங்கிய உறவுடைய விலங்குகளையே மீண்டும் மீண்டும் இணைத்தார். உடலைக் கையால் தடவிப் பார்த்து மதிப்பிட்டார். சிறந்த விலங்குகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் ஊறவைத்த இறைச்சித் துண்டங்களையும் பாதுகாத்து, தலைமுறைக்குத் தலைமுறை நேர்ந்த மாற்றத்தை ஒப்பிட்டார். இவ்வாறு உருவானதே ‘நியூ லெஸ்டர்’ என்னும் செம்மறியாடு. சிறுத்த எலும்பும் மிகுந்த கொழுப்பும் உடையது. விரைவில் வளர்ந்து இறைச்சிக்கு ஆயத்தமாவது. ஆலை நகரங்கள் பெருகிவந்த காலத்தில் அதற்குச் சந்தை இருந்தது.

அவருடைய மற்றொரு புதுமை வணிகம் சார்ந்தது. கிடாக்களை விற்காமல் பருவ வாடகைக்கு விட்டார். இதனால் ஒரே கிடாவின் குட்டிகளைப் பல பண்ணைகளில் பார்த்து, அந்தக் கிடாவின் தகுதியை மதிப்பிட முடிந்தது. வழித்தோன்றல்களைக் கொண்டு தந்தையை அளக்கும் இன்றைய முறையின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. 1776இல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்ட அவர், 1780களின் இறுதியில் கிடா வாடகையால் மட்டும் ஆயிரக்கணக்கான கினி ஈட்டினார். 1783இல் தோன்றிய டிஷ்லி சங்கம், உறுப்பினர்கள் கிடாக்களை யாருக்கு, எந்த விதிப்படி வாடகைக்கு விடலாம் என்று வரையறுத்தது. இனவிருத்தி என்பது அறிவாகவும் உடைமையாகவும் ஒருசேர மாறிய தருணம் அது. 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் இயலில், மனிதத் தேர்வின் ஆற்றலுக்குச் சான்றாக டார்வின் பேக்வெல்லின் பெயரைச் சுட்டுகிறார்.

ஆனால் பேக்வெல் உருவாக்கிய இனங்களின் பிற்கால வரலாறு பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவருடைய நீள்கொம்பு மாடுகள் கொழுத்தன; பாலும் ஈற்றும் குறைந்தன. அவர் மறைந்த சில பத்தாண்டுகளுக்குள் குறுங்கொம்பு மாடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கொழுப்பு மிகுந்த இறைச்சியின்மீது மக்களுக்கிருந்த விருப்பம் தணிந்தபோது நியூ லெஸ்டரும் பின்தள்ளப்பட்டது. அதன் நேர்வழித்தோன்றலான லெஸ்டர் நீள்கம்பளி ஆடு இன்று அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஒரு காலத்தின் சந்தை எதை ‘நல்லது’ என்றதோ, அதை மட்டும் முழுமையாக விலங்கின் உடலில் ஏற்றினால், அச்சந்தை மாறும்போது அவ்விலங்குக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. பேக்வெல்லின் பார்வை கூர்மையானதுதான். எனினும் அது ஒருவருடைய பார்வை, ஒரு காலத்தின் பார்வை. அவருக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கத் தடை ஏதும் இல்லாதிருந்ததால்தான் நாட்டில் பிற இனங்கள் எஞ்சின.

கேரளத்தில் நடந்தது இதற்கு மாறானது. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. குளத்தூரும் பாறசாலையும் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஐந்தாண்டுகளில், 1961இல், கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உரிமம் பெறாத காளையை இனவிருத்திக்கு வைத்திருப்பது குற்றமாயிற்று. அத்தகைய காளைகளைக் காயடிக்க வேண்டும் என்றாயிற்று. 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டம் பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டு கலப்பினத்தை வளர்த்தது. அதன் வழியே ‘சுனந்தினி’ உருவானது.

இத்திட்டத்தின் பயனை மறுப்பது நேர்மையாகாது. கலப்பினப் பசுக்கள் பால் உற்பத்தியைப் பெருக்கின. நிலமற்ற குடும்பங்களுக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே அன்றாட வருமானம் தந்தன. குறை கலப்பினத்தில் இல்லை. பிற காளைகள் அனைத்தையும் இல்லாமல் ஆக்கியதில்தான் இருக்கிறது. பேக்வெல் தம் தொழுவத்துக்குள் செய்த தேர்வைச் சட்டம் ஒரு மாநிலம் முழுவதற்கும் செய்தது. அளவுகோலும் ஒன்றாகவே இருந்தது: பாலின் அளவு. குறைந்த தீவனம், வெப்பம் தாங்கும் உடல், நோய் எதிர்ப்பு, வீட்டுப் பெண்கள் தனியே பராமரிக்கக்கூடிய சிற்றுருவம் ஆகியவை அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை.

வேம்பநாட்டு ஏரிக்கரையில், வைக்கம் அருகிலுள்ள வெச்சூர் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய சிறிய மாட்டினம் இதனால் அழிவின் விளிம்பை எட்டியது. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமே உடைய இப்பசு, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வரை பால் தருவது. 1989இல் மண்ணுத்தியிலிருந்த கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி எஞ்சியவற்றைத் திரட்டினர். 1998இல் வெச்சூர்ப் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானது. 2022இல் சோசம்மா ஐப்புக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

அந்த மீட்பு எதனால் இயன்றது என்பதை ஆய்வுலகம் எண்ணிப்பார்க்க வேண்டும். சட்டம் எட்டாத, அல்லது சட்டத்தைப் பொருட்படுத்தாத சில வீடுகளில் பழைய மாடுகள் எஞ்சியிருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ‘இனவிருத்தியாளர்’ என்று எழுதப்பட்டவர்கள் அல்லர். பழக்கத்தாலும், கைக்கு அடங்கிய மாடு என்பதாலும் அவர்கள் செய்த தேர்வே பின்னர் அறிவியலுக்குக் கையிருப்பாயிற்று. டிஷ்லியில் இறந்தவருக்கு வாழ்க்கை வரலாறு உண்டு. இவர்களுக்கு அது இல்லை.

மொழி இதற்கு ஒரு சான்று தருகிறது. இனவிருத்திக்குரிய காளையை மலையாளம் ‘வித்துக்காளை’ என்கிறது. தமிழ் ‘பொலிகாளை’ என்கிறது. முன்னது விதையைச் சுட்டுகிறது. பின்னதிலுள்ள ‘பொலி’ களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்கும் உரிய சொல், பெருக்கத்தைக் குறிப்பது. விதையும் விளைச்சலும் பலர் கைப்பட்டு வருபவை. இச்சொற்களை வழங்கிய மக்களிடம், எந்தக் கன்றைக் காளையாக விடுவது, எதைக் காயடித்து ஏருக்குப் பழக்குவது என்று முடிவு செய்யும் அறிவு இருந்தது. கொம்பு, திமில், சுழி, நடை, நிறம் ஆகியவற்றுக்கு அவர்களிடமிருந்த கலைச்சொற்களே அந்த அறிவின் ஏடு. காளை ஊரைவிட்டுப் போய் உறைவிந்துக் குச்சி வந்தபோது அச்சொற்களுக்கு வேலை குறைந்தது. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் வழங்கும் குளத்தூர் போன்ற எல்லையோரச் சிற்றூர்களில் இச்சொற்களை இரு மொழியிலும் அறிந்த தலைமுறை முதுமையடைந்துவருகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கால்நடைக் கொள்கை எதுவாயினும், ஓர் இனத்தின் கடைசிக் காளைகளைக் காயடிக்கும் அதிகாரத்தை எந்த அளவுகோலுக்கும் வழங்கக்கூடாது. மேம்பாட்டுத் திட்டம் தொடங்கும் இடத்திலேயே உள்ளூர் இனத்துக்கான ஒதுக்கமும் தொடங்க வேண்டும். இரண்டு, மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், கால்நடை அறிவியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் சேர்ந்து, மாடு வளர்ப்போரின் சொற்களையும் தேர்வு முறைகளையும் ஊர்வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவில் சொல் மட்டும் போதாது. அந்தச் சொல்லைக் கொண்டு அவர்கள் எந்தக் கன்றைத் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும்.

பேக்வெல் தம் முறையைத் தாமே எழுதிவைக்காமல் மறைந்தார். அவரைக் காண வந்தவர்கள் எழுதியதால் அது எஞ்சியது. நம் ஊர்களின் இனவிருத்தியாளர்களைக் காண இன்னும் பலர் போகவில்லை.